வேகமாகத் துடிக்கும் இதயம்: குறைக்க வேண்டியது எதை?

அவசர சிகிச்சைப் பிரிவின் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் நோயாளியின் கழுத்து துடிப்பது இரண்டடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கும் தெரிகிறது. மானிட்டரில் நிமிடத்துக்கு 186. மார்பில் வலி இல்லை, ரத்த அழுத்தமும் விழவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் ஸ்விட்சைப் போட்டதுபோலத் தொடங்கிய படபடப்பு மட்டும் அடங்க மறுக்கிறது. மருத்துவர் ஊசி மாட்டாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்றை நோயாளியிடம் கொடுத்து, உள்ளே இருக்கும் தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 விநாடி விடாமல் ஊதச் சொல்கிறார். ஊதி முடித்த கணமே கட்டிலின் தலைப்பக்கம் சட்டென்று இறக்கப்படுகிறது. செவிலியர் இரண்டு கால்களையும் 45 டிகிரிக்குத் தூக்கிப் பிடிக்கிறார். மானிட்டரின் கோடு ஒரு கணம் தட்டையாக ஓடுகிறது. பிறகு 84.

இந்த வைத்தியம் பலிப்பது ஒரு குறிப்பிட்ட வகைப் படபடப்புக்கு மட்டும்தான். வயிற்றுப்போக்கில் உடல் நீரெல்லாம் வற்றி 130 துடிப்போடு படுத்திருப்பவரை ஊதச் சொல்லி ஒரு பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது சலைன். டெங்குக் காய்ச்சல் விட்ட அன்று 130 என்று துடிக்கும் குழந்தைக்கு வேகத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரும், மணிக்கட்டில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச்சும் எண்ணைக் காட்டிவிடுகின்றன. அது ஏன் ஏறியது என்று அவை சொல்வதில்லை. துடிப்பை எப்படிக் குறைப்பது என்று தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

வேகத்தை நிர்ணயிப்பது எது?

இதயத்தின் வலது மேலறையில், மேல் பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில், சைனஸ் கணு என்ற சிறு திசுத் திட்டு இருக்கிறது. 1907-ல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் இதைக் கண்டறிந்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் மின்தூண்டல் பிறப்பது இங்கேதான். தன் போக்கில் விட்டால் இந்தக் கணு நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்க வைக்கும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதை ஓய்வு நேரத்தில் 70-க்குப் பக்கத்தில் இழுத்துப் பிடிக்கிறது. இதய மாற்று அறுவை சிகிச்சையில் இந்த நரம்பு அறுபட்டுவிடுவதால், மாற்று இதயம் பெற்றவர்களுக்கு ஓய்விலும் 90 முதல் 110 வரை துடிக்கும். எதிர்த்திசையில் இழுப்பது அட்ரினலினும் பரிவு நரம்புகளும். அவற்றின் கை ஓங்கினால் வேகம் ஏறும். வேகஸின் கை ஓங்கினால் இறங்கும்.

ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்கு 40-களில் இருப்பதும் நோய் ஆகாது. பச்சிளங்குழந்தைக்கு 140 துடித்தால் கவலைப்பட வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் வழக்கத்தைவிட 10 முதல் 20 வரை கூடும். ஆகவே 100-ஐத் தாண்டியது என்பதை வைத்து மட்டும் எதையும் தீர்மானிக்க முடியாது.

பெட்டிச் செய்தி: நாடியை எண்ணுவது எப்படி?

ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு எண்ண வேண்டும். படி ஏறியவுடன், காபி குடித்தவுடன், சிகரெட் பிடித்தவுடன் எடுக்கும் எண் ஓய்வுத் துடிப்பு ஆகாது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் மெல்ல வைத்துப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் பிடித்தால் அந்த விரலின் சொந்தத் துடிப்பே குழப்பிவிடும். முழுதாக ஒரு நிமிடம் எண்ணுவது நல்லது. எண்ணும்போதே துடிப்பு சீராக வருகிறதா, தாறுமாறாக வருகிறதா என்பதையும் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மருத்துவருக்கு எண்ணைப் போலவே அந்தத் தகவலும் தேவை.

உடல் சொல்லும் பதில்

இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர். ஒரு துடிப்புக்கு வெளியேறும் அளவு குறைந்தால், அதே 5 லிட்டரைக் கொண்டுபோய்ச் சேர்க்க எண்ணிக்கை கூடியாக வேண்டும். வேகத்துடிப்பில் பெரும்பங்கு இப்படி உடலின் தேவையை ஈடுகட்ட ஏறும் வகைதான். சைனஸ் கணு சரியாகவே வேலை செய்கிறது. உடலில் வேறு எங்கோ ஒரு குறை இருக்கிறது.

காய்ச்சலில் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பும் சுமார் 10 ஏறும். காய்ச்சலைத் தணித்தால் அதுவும் இறங்கிவிடும். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்ட வேலை செய்பவருக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. எழுந்து நின்றாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவருக்கு மருந்து நிழலும் தண்ணீரும் உப்பும்தான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கைக்குக் கிடைக்கவில்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம்.

ரத்தசோகை இன்னும் பரவலான காரணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைந்தால் ஒவ்வொரு துடிப்பும் சுமந்து செல்லும் ஆக்ஸிஜன் குறைகிறது. இதயம் எண்ணிக்கையைக் கூட்டி அதை ஈடுகட்டுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படபடப்பாக இருக்கிறது என்று சொல்லும் பெண்ணிடம் ‘டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்புவது பெரும் அநீதி. அவருக்கு முதலில் எடுக்க வேண்டியது ரத்தப் பரிசோதனை. இரும்புச்சத்து ஏறி ரத்தம் ஊறியதும் துடிப்பு தானே இறங்கும். மாதவிடாயில் மிகையாக ரத்தம் போவது, குடற்புழு, மூலம், குடற்புண் என்று இரும்புச்சத்தை வடியவைக்கும் காரணத்தையும் கூடவே தேட வேண்டும்.

தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதயம் ஓடும். உடல் இளைப்பு, கை நடுக்கம், வெயில் தாங்காமை கூடவே வரும். பதற்றத்தால் வரும் படபடப்பு தூக்கத்தில் அடங்கிவிடும்; தைராய்டால் வருவது தூங்கும்போதும் அடங்காது. ஒரு டி.எஸ்.எச். பரிசோதனை இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மிகவும் கவனிக்க வேண்டிய இடம் ரத்த இழப்பு. 750 மில்லி முதல் ஒன்றரை லிட்டர் வரை ரத்தம் போன பெரியவருக்கு ரத்த அழுத்தம் இயல்பாகவே இருக்கக்கூடும். துடிப்பு மட்டும் 100-ஐத் தாண்டும். பிரசவம் முடிந்த தாயின் நாடியைச் செவிலியர் திரும்பத் திரும்ப எண்ணுவது இதனால்தான். இளம் உடல் கடைசிவரை ரத்த அழுத்தத்தைத் தாக்குப்பிடித்துவிட்டு ஒரேயடியாக விழுந்துவிடும். விழுவதற்கு முன் எச்சரிப்பது நாடி.

டெங்குவிலும் இதே கதைதான். காய்ச்சல் விட்டதும் கண்டம் தாண்டியது என்று குடும்பம் நிம்மதி அடையும் அந்த ஓரிரு நாட்களில்தான் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். காய்ச்சல் இறங்கினால் துடிப்பும் இறங்க வேண்டும். இறங்காமல் ஏறினால், கை கால் சில்லிட்டால், வயிற்று வலியும் வாந்தியும் விடாமல் இருந்தால், சிறுநீர் குறைந்தால், அது அதிர்ச்சி நிலையின் தொடக்கம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்படிப்பட்ட துடிப்பை மருந்தால் வலுக்கட்டாயமாக அடக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சான்றும் இருக்கிறது. இதயம் அல்லாத பிற அறுவை சிகிச்சைகளுக்கு வந்த 8,351 நோயாளிகளை வைத்து 23 நாடுகளில் நடந்த ‘பாய்ஸ்’ என்ற ஆய்வின் முடிவு 2008-ல் வெளியானது. பாதிப் பேருக்கு மெட்டோப்ரோலால் என்ற துடிப்புக் குறைப்பு மாத்திரையை அறுவைக்குச் சற்று முன்பு தொடங்கிக் கொடுத்தார்கள். எதிர்பார்த்தபடியே மாரடைப்பு குறைந்தது. ஆனால் பக்கவாதம் இரு மடங்கானது, இறப்பும் 2.3 சதவீதத்திலிருந்து 3.1 சதவீதமாக ஏறியது. ரத்தம் இழந்தும் கிருமி தொற்றியும் தவிக்கும் உடல் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருந்த ஒரே வழியை மருந்து அடைத்துவிடுகிறது.

திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்பது

இரண்டாவது வகையில் கோளாறு இதயத்தின் மின்பாதையிலேயே இருக்கிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு பாதை இருக்க வேண்டிய இடத்தில் சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு இருக்கும். மின்தூண்டல் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறி வட்டமடிக்கத் தொடங்கினால் துடிப்பு 150 முதல் 220 வரை எகிறும். மருத்துவர்கள் இதை எஸ்.வி.டி. என்கிறார்கள். எப்போது தொடங்கியது என்று நோயாளியால் நிமிடக் கணக்கில் சொல்ல முடியும். நிற்பதும் அப்படித்தான், ஒரே துடிப்பில். காய்ச்சலிலோ பயத்திலோ வரும் வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இந்த ஒரு வேறுபாடே பாதி நோயறிதல்.

மூச்சை அடக்கி முக்கும் முறைக்கு இத்தாலிய உடற்கூறியலாளர் அந்தோனியோ வல்சால்வாவின் பெயர். 1704-ல் வந்த தன் நூலில் காதிலிருந்து சீழை வெளியேற்றும் வழியாக அவர் இதை விவரித்தார். முக்கும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. விட்டதும் ரத்தம் பாய்ந்து வந்து அழுத்தம் சட்டென்று எழுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் அதைக் கண்டு வேகஸ் நரம்பைத் தூண்ட, இரண்டு அறைகளுக்கும் நடுவேயுள்ள கணு ஒரு கணம் அடைபடுகிறது. வட்டம் அறுந்துவிடுகிறது.

உட்கார்ந்தபடி வெறுமனே முக்கினால் பலிப்பது அபூர்வம். இங்கிலாந்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 428 பேரிடம் நடத்தி 2015-ல் வெளியான ‘ரிவர்ட்’ ஆய்வில், வழக்கமான முறையில் 17 சதவீதம் பேருக்குத்தான் துடிப்பு சீரானது. முக்கி முடித்ததும் படுக்க வைத்துக் காலைத் தூக்கிய முறையில் அது 43 சதவீதம். செலவு ஒன்றும் இல்லாத ஒரு திருத்தம், நூற்றுக்கு இருபத்தாறு பேருக்குக் கூடுதலாகத் துடிப்பைச் சீராக்கியிருக்கிறது. கால் உயரும்போது கூடுதல் ரத்தம் இதயத்துக்குத் திரும்பி, வேகஸின் தூண்டலைப் பலப்படுத்துவதே காரணம். ஏற்கெனவே எஸ்.வி.டி. என்று உறுதியானவர்கள், மருத்துவரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு இதை வீட்டிலும் செய்யலாம். குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்துவதும் இதே நரம்பைத் தூண்டும்.

இதிலும் அடங்காதபோது அடினோசின். 6 மில்லிகிராம் மருந்தை முழங்கைச் சிரையில் மின்னல் வேகத்தில் செலுத்தி, பின்னாலேயே சலைனைத் தள்ள வேண்டும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் 10 விநாடிக்கும் குறைவு. அந்தச் சில விநாடிகளில் மார்பு இறுகி, உயிர் போவதுபோல் ஒரு உணர்வு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் மருத்துவர் நோயாளிக்குப் பெரிய உபகாரம் செய்கிறார். அடிக்கடி வருபவர்களுக்கு நிரந்தரத் தீர்வு அப்லேஷன்: தொடைச் சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, கூடுதல் பாதையைச் சுட்டு அடைப்பது. இந்நோயின் மிகப் பரவலான வகையில் இது 95 சதவீதத்துக்கு மேல் வெற்றி பெறுகிறது.

பெட்டிச் செய்தி: செய்யக் கூடாதவை

கண்ணை அழுத்தக் கூடாது. பழைய காலத்தில் இது ஒரு வைத்தியமாக இருந்தது. விழித்திரை விலகிவிடும் என்பதால் கைவிடப்பட்டது.

கழுத்து நாடியைப் பிசைவது மருத்துவர் மட்டும் செய்ய வேண்டியது. கொழுப்புப் படிந்த தமனியை அழுத்தினால் அதிலிருந்து துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம்.

மாரடைப்பின்போது தொடர்ந்து இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பக் கூடாது. இருமிக்கொண்டிருக்கும் நேரம் வீணான நேரம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த துடிப்புக் குறைப்பு மாத்திரையை விழுங்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவருக்கு அத்தகைய மாத்திரைகளில் ஒன்றான ப்ரோப்ரனலால் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.

‘எல்லாம் மனசுதான்’ என்ற தீர்ப்பு

பதற்றத்தால் படபடப்பு வருவது உண்மை. அதற்கு மூச்சு நல்ல மருந்து. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று ஏறும், விடும்போது இறங்கும். வெளிமூச்சை நீட்டினால் வேகஸுக்கு வேலை செய்யக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில், நான்கு விநாடி இழுத்து ஆறு விநாடி விட்டால் சில நிமிடங்களில் உடல் இளகுவது தெரியும். 2001-ல் வெளியான லூசியானோ பெர்னார்டியின் ஆய்வில், ஜெபமாலை சொல்பவர்களுக்கும் மந்திரம் உச்சரிப்பவர்களுக்கும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு வந்து நின்றது.

ஆனால் பதற்றம் என்ற முடிவுக்கு வரவேண்டியது மற்றவற்றை விலக்கிய பிறகு. 107 எஸ்.வி.டி. நோயாளிகளை ஆராய்ந்து 1997-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் நோய் கண்டுபிடிக்கப்படவே இல்லை. பலருக்கு மனப்பதற்றம் என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. அப்படித் தவறாகப் பெயர் சூட்டப்பட்டது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். நோய் வந்துபோகும் இடைவெளியில் இ.சி.ஜி. இயல்பாக இருப்பதுதான் இந்தத் தவறுக்கு அடிப்படை.

மாத்திரை எங்கே உதவும்?

ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய ப்ரோப்ரனலால் 1960-களில் வந்தது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மாரடைப்புக்குப் பிறகும், பலவீனமான இதயத்துக்கும், தைராய்டு மிகைப்பிலும் இந்தக் குடும்ப மருந்துகள் உயிர் காக்கின்றன. திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து. அடக்கிவைத்த வேகம் திருப்பியடித்து மார்பு வலியையும் மாரடைப்பையும்கூடக் கொண்டுவரும். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று இரண்டு நாள் விட்டுப் பார்க்கும் பழக்கம் இந்த மருந்தில் கூடாது.

துடிப்பைக் குறைத்தாலே நன்மை என்ற எண்ணத்தை நேரடியாகச் சோதித்த மருந்து ஐவப்ரடீன். இது சைனஸ் கணுவின் வேகத்தை மட்டும் குறைக்கும். 2010-ல் வெளியான ‘ஷிஃப்ட்’ ஆய்வில் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இது நன்றாக உதவியது. 2014-ல் ‘சிக்னிஃபை’ ஆய்வில், இதயத் தமனி நோய் இருந்தும் செயலிழப்பு இல்லாத 19,102 பேரிடம் இதையே சோதித்தார்கள். துடிப்பு சுமார் 10 குறைந்தது. இதய மரணமும் மாரடைப்பும் குறையவில்லை. எண்ணைத் துரத்துவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்னொரு மருந்தான டிஜாக்ஸின் குடும்பம், வில்லியம் விதரிங் 1785-ல் விவரித்த ஒரு செடியிலிருந்து வந்தது. அதே தன்மையுள்ள நஞ்சுதான் தமிழ்நாட்டு, இலங்கை வேலியோரங்களில் நிற்கும் மஞ்சள் அரளியின் விதையிலும் இருக்கிறது. இதயத்தை மெதுவாக்கி நிறுத்தியே விடும். அளவு தெரியாத மூலிகை எதையும் இதயத்துக்கென்று உண்ணக் கூடாது.

துடிப்பு வேகமாக இருப்பதோடு தாறுமாறாகவும் இருந்தால், அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். அங்கே பெரிய ஆபத்து வேகத்தால் வருவதில்லை. மேலறையில் உறையும் ரத்தக்கட்டியால் வருகிறது. பக்கவாத வாய்ப்பு ஐந்து மடங்கு கூடுகிறது. 2010-ல் நெதர்லாந்தில் 614 பேரிடம் நடந்த ஆய்வு, ஓய்வுத் துடிப்பை 80-க்குக் கீழே கஷ்டப்பட்டு இறக்குவதும் 110-க்குள் வைத்திருப்பதும் பலனில் சமம் என்று காட்டியது. ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை வேண்டுமா என்ற கேள்வியே அங்கே முதன்மையானது.

மாதக் கணக்கில் இறங்குவது

நோய் ஏதுமின்றி ஓய்வுத் துடிப்பு எப்போதும் 85, 90 என்று நிற்பவர்களுக்கு நல்ல வழி நடை. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை சில மாதங்களில் ஒவ்வொரு துடிப்பும் தள்ளும் ரத்தத்தின் அளவைக் கூட்டுகிறது. எண்ணிக்கை தானாகக் குறைகிறது. புகைப்பதை நிறுத்திய 20 நிமிடத்திலேயே துடிப்பு இறங்கத் தொடங்குகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின், ஆஸ்துமா மருந்தான சால்பூட்டமால், எனர்ஜி பானங்கள், மது எல்லாமே துடிப்பை ஏற்றும். காபிதான் முதல் குற்றவாளி என்று பலரும் நினைக்கிறார்கள். 2023-ல் 100 பேரிடம் நடந்த சோதனையில் காபி மேலறையின் அதிகப்படித் துடிப்புகளைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டவில்லை; கீழறையில் மட்டும் கூடின. காபி குடித்த நாட்களில் தூக்கம் சராசரியாக 36 நிமிடம் குறைந்தது. தூக்கக் குறைவுக்கும் படபடப்புக்கும் உள்ள உறவை வைத்துப் பார்த்தால், மாலைக் காபியை விடுவதில் பொருள் இருக்கிறது.

எப்போது மருத்துவமனை?

வேகத்துடிப்போடு மார்பு வலி, மூச்சுத்திணறல், மயக்கம், குழப்பம், சில்லிட்ட வியர்வை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். ஓய்வில் 150-க்கு மேல் சில நிமிடங்களாக நிற்பதும், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் நடந்திருப்பதும், ஓடும்போது மயங்கி விழுவதும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

விட்டுவிட்டு வரும் படபடப்புக்கு, துடித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்த இ.சி.ஜி.தான் உறுதியான சாட்சி. ஆரம்ப சுகாதார நிலையமோ தெருமுனை கிளினிக்கோ, எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே உடனே போய் எடுத்துவிட வேண்டும். அந்தத் தாளை ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாள்பட்டால் அதில் உள்ள கோடுகள் மங்கிவிடும்.